காளை செத்த பிறகு

பஞ்சதந்திரத்தின் முதல் கதை எங்கே முடிகிறது என்று நினைவிருக்கிறதா? டீ சூடாக இருக்கிறது. ஆறுவதற்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாம்.

சேற்றில் சிக்கிய காளையை வணிகன் விட்டுவிட்டுப் போகிறான். காளை பிழைத்துக்கொள்கிறது. புல் மேய்ந்து கொழுத்து ஒருநாள் உரக்கக் கத்துகிறது. முன்பின் கேட்டிராத அந்தச் சத்தத்தில் காட்டு ராஜாவான சிங்கத்துக்கே நடுக்கம். தமனகன் என்ற நரி போய்ப் பார்த்து, இது மாடுதான் என்று தெரிந்துகொண்டு, கையோடு கூட்டிவந்து சேர்த்து வைக்கிறான். சிங்கமும் காளையும் இணைபிரியாத நண்பர்கள் ஆகிவிட, சேர்த்து வைத்தவனுக்கு அரண்மனையில் இருந்த இடம் போய்விடுகிறது. அவன் சிங்கத்திடம், காளை உங்களைக் கொல்லத் திட்டமிடுகிறது என்கிறான். காளையிடம், சிங்கம் உன்னைத் தின்னக் காத்திருக்கிறது என்கிறான். இரண்டு பேரிடமும் அடையாளமும் சொல்லி வைக்கிறான். காளை நடுங்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தபடி கொம்பைத் தாழ்த்தி வந்தால் அதன் எண்ணம் கெட்டது. சிங்கம் நெஞ்சை நிமிர்த்தி வாலை அடித்துக்கொண்டிருந்தால் அது பாயப் போகிறது.

கோள் சொல்கிறவனின் தொழில் நுணுக்கம் முழுவதும் இந்த அடையாளத்தில்தான் இருக்கிறது. பயந்தவன் நிற்கும் நிலையும் பாயப் போகிறவன் நிற்கும் நிலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இருவருக்கும் பயத்தை ஊட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காளை தன் பயத்தோடு வருகிறது, சிங்கம் தன் பயத்தோடு நிற்கிறது. சொன்ன அடையாளம் அப்படியே இருக்கிறதே என்று இரண்டும் நினைக்கின்றன. காளை சாகிறது.

அப்புறம்? சிங்கம் வருந்துகிறது. தமனகன் பக்கத்தில் நின்று, அரசர்கள் இதற்கெல்லாம் கலங்கலாமா என்று தேற்றுகிறான். அவனே மந்திரி ஆகிறான். நாம் படித்த பஞ்சதந்திரத்தில் மித்திரபேதம் என்ற பகுதி அவ்வளவுதான். நட்பைப் பிரிப்பது எப்படி என்று சொல்லவந்த நூல், பிரித்துக் காட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. அரசியல் பாடம் என்ற அளவில் அதில் குறை இல்லை. அரசனே, உன்னைச் சுற்றி இப்படியும் நடக்கும், விழித்திரு என்பதுதான் அதன் பேச்சு.

ஆனால் இந்தக் கதை பாரசீகம் போய்ச் சேர்ந்த பிறகு, இப்படி முடிவதை ஒருவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்று உங்களோடு பேச நினைத்தது அவரைப் பற்றியும், அவருக்குப் பின்னால் அதே நரியையும் சிங்கத்தையும் கையில் எடுத்தவர்களைப் பற்றியும்தான்.

போன வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 531 முதல் 579 வரை ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசர் குஸ்ரோ அனுஷிர்வான். நௌஷேர்வான் என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவருடைய அரசவை மருத்துவர் புர்ஸோய். பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி தன் ஷாநாமா காவியத்தில் இவருடைய பயணத்தைக் கதையாகவே பாடியிருக்கிறார். இந்தியாவின் மலைகளில் செத்தவர்களைப் பிழைக்க வைக்கும் மூலிகை இருப்பதாகப் படித்துவிட்டு மருத்துவர் புறப்பட்டு வருகிறார். காடு மலையெல்லாம் அலைந்து பறித்த பச்சிலைகளைப் பிணங்களின் மேல் பூசிப் பார்க்கிறார். ஒன்றும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் முதியவர் ஒருவர் விளக்குகிறார்: மலை என்பது அறிந்தவர்கள், மூலிகை என்பது அவர்களுடைய சொல், பிணம் என்பது அறியாதவன்; நீ தேடும் மருந்து எங்கள் அரசனின் கருவூலத்தில் புத்தகமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் கருவூலத்தைவிட்டு வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. அரசன் முன்னால் பகலில் வாசித்து, வாசித்ததை மனத்தில் ஏந்திக்கொண்டு போய் எழுதி, பகுதி பகுதியாக ஈரானுக்கு அனுப்பினாராம். பொன்னும் மணியும் வேண்டாம், என் வாழ்க்கையைப் பற்றி ஓர் அத்தியாயம் நூலின் முகப்பில் இருந்தால் போதும் என்று பரிசு கேட்டாராம்.

மூலிகை கதை. புத்தகம் உண்மை. பஞ்சதந்திரமும் மகாபாரதத்துக் கதைகள் சிலவும் சேர்ந்த ஒரு தொகுப்பு 6ஆம் நூற்றாண்டில் இடைக்காலப் பாரசீக மொழியான பஹ்லவிக்குப் போனது. தமனகனின் கூட்டாளி நரியான கரடகன் கலீலா ஆனான், தமனகன் திம்னா ஆனான். நூலுக்கே கலீலாவும் திம்னாவும் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பஹ்லவி நூல் தொலைந்துபோனது. தொலைவதற்கு முன்னால் இரண்டு பேர் அதை மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். 6ஆம் நூற்றாண்டிலேயே சிரியாக் மொழிக்குக் கொண்டுபோன பூத் என்ற கிறித்தவ மதகுரு ஒருவர். சுமார் 750ஆம் ஆண்டில் அரபுக்குக் கொண்டுவந்த இப்னுல் முகஃப்பா மற்றவர்.

இரண்டு பெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். சிரியாக்கில் காளை செத்ததும் கதை முடிகிறது. அரபில் முடியவில்லை. முழுதாக ஓர் அத்தியாயம் தொடர்கிறது: திம்னாவின் வழக்கு விசாரணை. இந்தியாவிலிருந்து வந்த சரக்கில் அது இல்லை. இப்னுல் முகஃப்பாவே எழுதிச் சேர்த்தது என்பதுதான் அறிஞர்கள் பலருடைய முடிவு.

அவர் அரபில் எழுதினாலும் பிறப்பால் பாரசீகர். பார்ஸ் மாகாணத்துக்காரர். ரூஸ்பிஹ் என்பது இயற்பெயர். அப்பா வரி அதிகாரி. பணத்தைக் கையாடினார் என்று குற்றம் சாட்டி அடித்த அடியில் அவர் கை சூம்பிப்போனதாம். முகஃப்பா என்றால் கை சூம்பியவர். இப்னுல் முகஃப்பா என்றால் கை சூம்பியவரின் மகன். குற்றச்சாட்டு ஒரு மனிதனின் உடம்பை என்ன செய்யும் என்பதைத் தன் பெயரிலேயே சுமந்தவர் அவர்.

இப்போது அந்த அத்தியாயத்துக்கு வருவோம். நிதானமாகச் சொல்கிறேன், இந்த நூலில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

காளையைக் கொன்ற சிங்கத்துக்குத் தூக்கம் வரவில்லை. பழைய நண்பனின் பேச்சும் பணிவும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. துணைக்கு யாராவது கூட இருந்தால் தேவலை என்று இரவில் வெகுநேரம் மற்ற விலங்குகளோடு பேசிக்கொண்டிருக்கிறது. அப்படி ஓர் இரவு நேரம் கழித்து வீடு திரும்பிய சிறுத்தை, கலீலாவும் திம்னாவும் இருக்கும் இடத்தைக் கடந்து போகும்போது உள்ளே பேச்சு கேட்கிறது. என்ன காரியம் செய்துவிட்டாய் என்று கலீலா திம்னாவைத் திட்டிக்கொண்டிருக்கிறான். சிறுத்தைக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. நேரே அரசனிடம் போக அதற்குத் துணிவு இல்லை. சிங்கத்தின் தாயிடம் போய், என் பெயர் வெளியே வரக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு சொல்கிறது.

தாய் மகனிடம் வருகிறாள். காளை குற்றமற்றது, உன் கையால் அநியாயம் நடந்துவிட்டது, எனக்கு நம்பகமான ஒருவர் சொன்னார் என்கிறாள். யார் என்று சொல்ல மறுக்கிறாள், வாக்குக் கொடுத்திருக்கிறாளே. திம்னாவை அழைத்து வருகிறார்கள். அவன் பேசுகிறான். எப்படிப் பேசுகிறான் என்கிறீர்கள்! நான் குற்றவாளியாக இருந்தால் ஓடிப்போயிருக்க மாட்டேனா, கதவு திறந்துதானே கிடந்தது என்கிறான். சிங்கம் தடுமாறுகிறது. தீர விசாரிக்காமல் ஒருமுறை கொன்றுவிட்டேன், இன்னொரு முறை அந்தப் பிழையைச் செய்ய மாட்டேன் என்று அவனைச் சிறையில் அடைத்து, நீதிபதி முன் நிறுத்தச் சொல்கிறது.

இந்த ஒரு முடிவுக்காகவே அந்தச் சிங்கத்தை எனக்குப் பிடிக்கும். செத்தவன் நண்பன், நெஞ்சு எரிகிறது, குற்றவாளி யார் என்று பெற்ற தாயே சொல்கிறாள். அப்போதும் விசாரணை வேண்டும் என்கிறது.

வழக்கு மன்றத்தில் நீதிபதி கேட்கிறார்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் சந்தேகம் இருக்கிறது, சாட்சி மட்டும் இல்லை. அப்போது அரண்மனைச் சமையலுக்குத் தலைவனான பன்றி எழுந்து, எனக்குச் சாமுத்திரிகம் தெரியும், இவன் இடது கண் சின்னது, அது துடிக்கிறது, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இவையெல்லாம் வஞ்சகனின் அடையாளங்கள் என்கிறது. திம்னா திருப்பிக் கேட்கிறான்: உடம்பின் அடையாளம்தான் குணத்தைத் தீர்மானிக்கும் என்றால், நல்லது செய்தவனுக்குப் புகழ் எதற்கு, கெட்டது செய்தவனுக்குத் தண்டனை எதற்கு? இரண்டு பேரும் பிறந்தபடிதானே நடந்துகொண்டார்கள்?

பாருங்கள், கொலைகாரன் வாயிலிருந்து வருகிறது நியாயமான பேச்சு. நீதிபதியும் அவனிடம், சாட்சி வராவிட்டாலும் எல்லோர் மனத்திலும் நீ குற்றவாளிதான், ஒப்புக்கொண்டால் மறுமையிலாவது நன்மை உண்டு என்று சொல்லிப் பார்க்கிறார். சந்தேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நீதிபதிக்கு அழகில்லை என்று அதற்கும் பதில் வருகிறது. கதையை எழுதியவர் திம்னாவைக் கெட்டவன் என்பதற்காக முட்டாளாக ஆக்கவில்லை. சட்டம் என்னவெல்லாம் கேட்க வேண்டுமோ அதையெல்லாம் அவன் வாயாலேயே கேட்க வைக்கிறார். வெறும் நீதிக்கதையாக இருந்திருந்தால் முதல் நாளே அவனைத் தூக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இதற்கு நடுவில் கலீலா ஓர் இரவு சிறைக்கு வந்து நண்பனைப் பார்த்து அழுகிறான். நான் சொன்னேனே, கேட்டாயா என்கிறான். தன்னையும் இழுத்துவிடுவார்களோ, அடித்தால் உண்மையைச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் அவனுக்கு. வீட்டுக்குப் போனவன் அன்றிரவே செத்துப்போகிறான். எல்லாம் தெரிந்தவன், திம்னாவைத் தனியே திட்டத் தெரிந்தவன், சபையில் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் பேசியதை அதே சிறையில் படுத்திருந்த இன்னொரு விலங்கு கேட்டுவிட்டது.

கடைசியில் சிங்கத்தின் தாய் சிறுத்தையைத் தேடிப் போகிறாள். நீ பேசாவிட்டால் காளைக்கு யார் பேசுவார்கள் என்று இடைவிடாமல் சொல்லிச் சொல்லிச் சபைக்கு அழைத்து வருகிறாள். சிறுத்தை சாட்சி சொல்கிறது. அதைக் கேள்விப்பட்டதும் சிறையிலிருந்த விலங்கு, எனக்கும் தெரியும் என்று சொல்லி அனுப்புகிறது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அதன் பதில்: ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு நிற்காது. தனியாக நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இஸ்லாமியச் சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டும் என்ற விதி கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயமும் அங்கே இருக்கிறது. ஒரே உண்மையை இரண்டு பேர் அறிந்திருக்கிறார்கள். இன்னொருவர் இருப்பது இருவருக்குமே தெரியாது. தெரியாததால் இருவரும் பேசவில்லை. முதல் ஆள் எழுந்து நின்ற பிறகுதான் இரண்டாவது ஆள் இருப்பதே வெளியே வருகிறது. முதல் ஆளை எழுப்பிவிட ஒரு கிழச் சிங்கம் வீடு தேடிப் போக வேண்டியிருந்தது. திம்னாவைக் கட்டிப்போட்டு உணவையும் நீரையும் நிறுத்துகிறார்கள். பசியிலும் தாகத்திலும் அவன் சாகிறான்.

இப்படி ஒரு நீதிமன்றத்தைக் கட்டியவருக்கு நீதிமன்றம் கிடைக்கவில்லை. கலீஃபா மன்சூரை எதிர்த்துக் கலகம் செய்த அவருடைய சித்தப்பா அப்துல்லாவுக்கு மன்னிப்புப் பத்திரம் எழுத வேண்டி வந்தது. எழுதியவர் இப்னுல் முகஃப்பா. கலீஃபா வாக்கை மீறினால் குடிமக்களுக்கு அவர்மேல் உள்ள கடமை நீங்கிவிடும் என்ற அளவுக்கு, ஓட்டை இல்லாமல் எழுதினார். கலீஃபாவுக்குக் கோபம். பஸ்ராவின் ஆளுநருக்கு இவர்மேல் ஏற்கெனவே பகை. சுமார் 757இல், நாற்பது வயதுகூட ஆகாத நிலையில், இப்னுல் முகஃப்பா கொல்லப்பட்டார். விசாரணை எதுவும் இல்லை.

டீ ஆறிப்போயிருந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். கதை இன்னும் பாரசீக மொழிக்கே திரும்பி வரவில்லை.

10ஆம் நூற்றாண்டில் ருதகீ இதைப் பாரசீகச் செய்யுளாகப் பாடினார். அதில் சிதறிய வரிகள்தான் மிச்சம். இன்று பாரசீக உரைநடையின் சிகரங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது நஸ்ருல்லா முன்ஷியின் பெயர்ப்பு. முன்ஷி என்றால் அரசவை எழுத்தர். இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் கஸ்னியில், சுல்தான் பஹ்ராம் ஷாவின் காலத்தில் இருந்தவர். நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்த அரபுப் பிரதியை வைத்துக்கொண்டு 1140களில் எழுதினார். வரிக்கு வரி பெயர்க்கவில்லை. இடையிடையே அரபுக் கவிதையும் குர்ஆன் வசனமும் கோத்து, சொல்லுக்குச் சொல் இழைத்து எழுதினார். திம்னாவின் வழக்கைக் குறைக்காமல் வைத்துக்கொண்டார்.

அவர் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த சுல்தான் குஸ்ரோ மாலிக் காலத்தில் அவர் வஜீர் பதவிவரை உயர்ந்தார். எதிரிகள் கோள் சொன்னார்கள். சிறைக்குப் போனார், கொல்லப்பட்டார்.

நரிக் கதை எழுதிய இரண்டு பேரும் நரிகளால் செத்தார்கள் என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. பாரசீக விலங்குக் கதைகள் என்றதும் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவற்றை எழுதியவர்கள் அரண்மனை வாசலில் தினமும் நின்றவர்கள். ஒரு சொல் எந்தக் காதிலிருந்து எந்தக் காதுக்குப் போகும், அங்கே என்னவாக மாறும் என்று அளந்து பேசி வாழ்ந்தவர்கள். அவர்கள் சிங்கம் என்று எழுதினால் அதற்கு முகம் உண்டு. எனவே அவர்கள் சொல்லும் நீதியைப் பொதுவான நல்லுரையாக எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும்.

திம்னாவின் வழக்கு முடிந்த கையோடு அந்த நூலில் வருவது கழுத்தில் வளையம் போட்ட புறாவின் கதை. நம் பஞ்சதந்திரத்தில் சுகிர்லாபம் என்ற பகுதியில் வரும் அதே புறாதான். பொய்யன் பிரித்த நண்பர்களைப் பற்றிக் கேட்டேன், இனி உண்மை நண்பர்களைப் பற்றிச் சொல் என்று அரசன் கேட்பதாக அது தொடங்கும். வலையோடு பறந்து வந்த புறாக்களின் கட்டை எலி அறுக்க வருகிறது. தலைவிப் புறா சொல்கிறது: முதலில் மற்றவர்களுடையதை அறு. என்னுடையதை முதலில் அறுத்தால் களைப்பில் நீ மற்றவர்களை விட்டுவிடக்கூடும். என்னுடையது கடைசியாக இருந்தால் எவ்வளவு களைத்தாலும் என்னை விட மாட்டாய். நட்பின் அன்பையும் அதன் எல்லையையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருக்கிற பேச்சு இது. இந்தப் புறா இன்றும் ஈரானின் பள்ளிப் பாடநூலில் இருக்கிறது.

நூறு ஆண்டு கழித்து ஷிராஸ் நகரத்தின் கவிஞர் சஅதி வருகிறார். 1257இல் பூஸ்தான், 1258இல் குலிஸ்தான் என்று இரண்டு நூல்கள். அந்த 1258இல்தான் மங்கோலியர் பாக்தாதை அழித்தார்கள். சஅதி படித்த நகரம் அது. குலிஸ்தானின் முதல் அத்தியாயம் அரசர்களின் நடத்தை பற்றியது. அதில் ஒரு நண்பர் வந்து, வறுமை தாங்கவில்லை, கணக்கு எனக்கு நன்றாக வரும், அரசாங்கத்தில் ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள் என்கிறார். கணக்கு சுத்தமாக இருந்தால் எனக்கு என்ன பயம் என்கிறார். சஅதி பதிலுக்கு ஒரு நரிக் கதை சொல்கிறார்.

நரி விழுந்தடித்து ஓடுகிறது. என்ன ஆபத்து என்று கேட்டால், ஒட்டகங்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகிறார்களாம். உனக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். நரி சொல்கிறது: பொறாமைக்காரன் எவனாவது இதுவும் ஒட்டகம்தான் என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டால், என்னை விடுவிக்கவேண்டும் என்ற அக்கறையோடு விசாரிக்க யார் வருவார்கள்? ஈராக்கிலிருந்து விஷமுறிவு வந்து சேர்வதற்குள் பாம்பு கடித்தவன் செத்திருப்பான்.

நண்பர் கேட்கவில்லை. வேலை கிடைக்கிறது, திறமையால் மேலே போகிறார். சஅதி மக்காவுக்குப் புனிதப் பயணம் போய்த் திரும்பும்போது அதே நண்பர் கிழிந்த கோலத்தில் எதிரே வருகிறார். பொறாமைக்காரர்கள் துரோகி என்றார்கள், அரசன் விசாரிக்கவில்லை, பழைய நண்பர்கள் உண்மையைச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிட்டார்கள், சிறையில் கிடந்தேன், சொத்தும் போயிற்று என்கிறார்.

இப்னுல் முகஃப்பாவின் சிங்கம் விசாரணை வேண்டும் என்றது. சஅதியின் அரசன் விசாரிக்கவில்லை. இரண்டு கதையிலும் தெரிந்தவர்கள் வாய் மூடியிருந்தார்கள். சஅதிக்கு நீதிமன்றத்தில் நம்பிக்கை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். விசாரணை வந்தாலும் நேரத்தில் வர வேண்டும் என்பதை அந்த நரியைப் போலச் சுருக்கமாகச் சொன்னவர் வேறு ஒருவரை நான் படித்ததில்லை.

பூஸ்தானில் இன்னொரு நரி இருக்கிறது, கை கால் இல்லாதது. இது எப்படிப் பிழைக்கிறது என்று ஒரு துறவி வியந்து பார்க்கிறார். சிங்கம் ஒன்று இரையோடு வந்து தின்றுவிட்டுப் போகிறது, மிச்சம் நரிக்கு ஆகிறது. ஆண்டவன் படியளக்கிறான், நாமும் சும்மா இருப்போம் என்று துறவி மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். எவரும் எதுவும் கொண்டுவரவில்லை. எலும்பும் தோலும் ஆன பிறகு சுவரிலிருந்து குரல் கேட்கிறது: சிங்கமாக இரு, உன் மிச்சத்தில் நாலு பேர் பிழைக்கட்டும், கை கால் இருக்கும்போது நரியாகக் கிடக்காதே. இதை நான் அதிகம் விளக்கவில்லை. உழைக்காதவனைக் கடிந்துகொள்கிற கதை மட்டுமில்லை, வசதி உள்ளவனுக்கும் அதில் ஒரு கடமை வைத்திருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அதே காலத்தில் கொன்யா நகரத்தில் கவிஞர் ரூமி. தன் மஸ்னவி காவியத்தின் முதல் பாகத்தில், கலீலாவில் இதைத் தேடிப் பார் என்று தாமே சொல்லிவிட்டுச் சிங்கமும் முயலும் கதையைத் தொடங்குகிறார். நமக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற கதை. தினம் ஒரு விலங்கு சிங்கத்துக்கு இரையாகப் போக வேண்டும், முயல் தாமதமாகப் போய் இன்னொரு சிங்கம் இருக்கிறது என்று கிணற்றைக் காட்டும், சிங்கம் தன் நிழலின் மேல் பாயும். ரூமி பல நூறு வரிகள் எடுத்துக்கொள்கிறார். முக்கால்வாசி வாதம். விலங்குகள் சொல்கின்றன: நீ ஏன் வேட்டையாடி அலைகிறாய், இறைவன்மேல் பாரத்தைப் போட்டு உட்கார், உணவு தானே வரும். சிங்கம் சொல்கிறது: நம்பிக்கை வை, ஆனால் ஒட்டகத்தின் காலைக் கட்டிவிட்டு வை. எஜமான் அடிமையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால், என்ன செய்ய வேண்டும் என்று வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

விலங்குகளும் விடுவதாயில்லை, பதிலுக்கு ஒரு கதை சொல்கின்றன. சுலைமான் நபியிடம் ஒரு மனிதன் பயந்து ஓடி வருகிறான். மரண தூதர் என்னை முறைத்துப் பார்த்தார், என்னை இந்தியாவுக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறான். காற்று அவனை இந்தியாவில் கொண்டுபோய் விடுகிறது. மறுநாள் சுலைமான் கேட்டபோது மரண தூதர் சொல்கிறார்: நான் முறைக்கவில்லை, வியந்தேன். இவன் உயிரை இந்தியாவில் எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு, இங்கே நிற்கிறானே என்று.

யார் சொல்வது சரி? சிங்கத்தின் பக்கம் நியாயம் கனமாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே சிங்கம்தான் கிணற்றில் விழுகிறது. ரூமி அந்தக் கிணற்றை மேலும் தோண்டுகிறார். நீரில் தெரிந்த பகைவன் நீதான், பிறரிடம் நீ காணும் கொடுமைகளில் எத்தனையோ உன் குணத்தின் நிழல் என்கிறார். முயல் ஊருக்குத் திரும்பி விலங்குகள் கொண்டாடும்போது, வெளியே இருந்த எதிரியைக் கொன்றுவிட்டோம், உள்ளே இருப்பவன் இன்னும் கொடியவன், அவனை முயல் புத்தியால் வெல்ல முடியாது என்று முடிக்கிறார். திம்னாவின் வழக்கை ரூமி விசாரித்திருந்தால் சிங்கத்தையும் கூண்டில் நிறுத்தியிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. கோள் சொன்னவன் ஒருவன், அதைக் கேட்கக் காது கொடுத்தவன் ஒருவன்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வராவீனி எழுதிய மர்ஸ்பான் நாமா, பறவைகள் தங்கள் அரசனைத் தேடிப் போகும் அத்தாரின் காவியம், 1330இல் நம் நாட்டின் பதாயூனில் நக்ஷபி முடித்த கிளிக்கதைகள். ஹெராத்தில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் காஷிஃபி கலீலாவையே இன்னும் அலங்காரமாக அன்வாரே சுஹைலி என்று எழுதினார். அதன் ஒரு பகுதி 1644இல் பிரெஞ்சுக்குப் போய், அதிலிருந்து லா ஃபொந்தேன் கதைகள் எடுத்துக்கொண்டார். அவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு மாலை வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சிங்கமும் காளையும் கதையை வீட்டில் பிள்ளைகளுக்கு அடுத்த முறை சொல்லும்போது, காளை செத்ததோடு நிறுத்தாதீர்கள். அன்றிரவு சிங்கத்துக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிறுத்தை நின்று கேட்டுக்கொண்டிருந்தது என்று சொல்லுங்கள். அப்புறம், சிங்கத்தின் தாய் சிறுத்தையின் வீட்டுக் கதவைத் தட்டினாள் என்று சொல்லுங்கள்.